மறு: 'டியூரபிள் சர்ஃபேஸ்' – நீடித்த பரப்பா, தாங்குதரையா?

அன்பு நண்பர்களுக்கு,

மலையேறுவோர் கையேட்டின் ஆங்கிலச் சொற்களுக்குத் தமிழ்ச்சொல் தேடும் நம் உரையாடலில் வந்த கருத்துகளுக்கு என் பதில்கள் இவை.

> டியூரபிள் என்றால் நீடித்த. 'நீடித்த பரப்பு' என்றே வைத்துக்கொள்வோம். குழப்பம் வராது.

வரும் ஐயா. மலையேறுவோர் கையேட்டில் இந்தச் சொல் எங்கே வருகிறது என்று பாருங்கள். எதன்மேல் நடக்கலாம், எதன்மேல் கூடாரம் அடிக்கலாம் என்ற இடத்தில் வருகிறது. பாறை, சரளை, மணல், காய்ந்த புல், பனி என்று பட்டியல் போகிறது. இதில் பனி நீடிக்கிறதா? நாலு நாள் வெயில் அடித்தால் உருகி ஓடிவிடும். ஆனாலும் பட்டியலில் இடம்பெறுகிறது. கெட்டியாகப் படிந்த பனியில் நடந்தால் அடியிலிருக்கும் செடி நசுங்காது, காலடியும் பனியோடு கரைந்துவிடும். பேச்சு காலம் தாங்குவதைப் பற்றியதல்ல, கால் தாங்குவதைப் பற்றியது. ஆகவே என் முன்மொழிவு 'தாங்குதரை'. ஊறுகாய், சுடுகாடு போல வினைத்தொகை. நடுவில் ஒற்று மிகாது.

> எதிர்ச்சொல்லாகத் 'தாங்காத தரை' போதாதா?

பேச்சுக்குப் போதும். கலைச்சொல்லாக 'நொய்தரை' வேண்டும் என்பேன். பாலைநிலங்களில் கரித்தூள் தூவியதுபோலக் கருத்து, மேடும் பள்ளமுமாக ஒரு பொருக்கு படர்ந்திருக்கும். சயனோபாக்டீரியா என்ற, ஒளிச்சேர்க்கை செய்யும் நுண்ணுயிர்களின் இழைகள் மணல்துகள்களைப் பின்னிப் பிடித்து உண்டாக்கியது அது. பார்வைக்கு வெறும் மண். ஒரு மிதி மிதித்தால் நொறுங்கிவிடும். மீண்டும் படரப் பல ஆண்டுகள், சில இடங்களில் பல பத்தாண்டுகள் ஆகும். 'தாங்காத' என்றால் நாம் மிதித்த பிறகு தெரிவது போலிருக்கிறது. 'நொய்' என்றால் மிதிக்கும் முன்பே கால் தயங்கும்.

நானும் தயங்காமல் மிதித்தவன்தான். ஓடையை ஒட்டிய ஈரப்புல்லில் மூன்று இரவு கூடாரம் போட்டேன். பிரித்தபோது கீழே மஞ்சளாக வெளிறிய ஒரு நாற்கோணம். அடுத்த ஆண்டு போனபோதும் அந்த இடத்தைத் தேடாமலே கண்டுபிடித்தேன். நீர்நிலையிலிருந்து 60 மீட்டராவது தள்ளிக் கூடாரம் அடிக்கவேண்டும் என்பதைப் பிறகுதான் படித்தேன்.

> 'லீவ் நோ டிரேஸ்' என்பதற்குத் 'தடம் விடாதே'?

வெளியிடங்களில் நாம் வந்துபோன அடையாளமே இல்லாமல் திரும்பவேண்டும் என்ற கொள்கையின் பெயர் அது. ஆனால் தடம் என்றால் பாதையும்தான். 'பாதையை விட்டு விலகாதே' என்றும் படித்துவிடலாம். வேடிக்கை என்னவென்றால், அதுவும் அதே கையேட்டின் விதி: ஒற்றையடிப்பாதை சேறாக இருந்தாலும் நடுவிலேயே நடக்கவேண்டும், ஓரம் ஒதுங்கினால் பாதை அகன்றுகொண்டே போகும். 'சுவடு விடாதே' என்றால் இந்த இரட்டுற மொழிதல் இல்லை.

> 'கேட்ஹோல்' என்பதைப் 'பூனைக்குழி' என்றால் சிரிப்பார்கள்.

சிரிக்கட்டுமே. வெளியிடத்தில் மலம் கழிக்கத் தோண்டி, பிறகு மூடிவிடும் சிறு குழிதான் அது. சொல்லுக்குச் சொல் பெயர்ப்பதை எதிர்ப்பவன் இதை மட்டும் ஏற்பதற்குக் காரணம் உண்டு. பூனை மண்ணைத் தள்ளி மூடுவதைப் பார்க்காதவர் யார்? 'மலக்கழிவுப் புதைகுழி' என்று எழுதினால் நகராட்சி அறிவிப்புப் பலகை நினைவுக்கு வருகிறது. 15 முதல் 20 சென்டிமீட்டர் ஆழம், மட்கச் செய்யும் நுண்ணுயிர்கள் நிறைந்த மேல்மண், நீர்நிலை, பாதை, கூடாரம் மூன்றிலிருந்தும் 60 மீட்டர் என்ற விவரங்களை விளக்கத்தில் சேர்த்துக்கொள்ளலாம். தோண்டு, மூடு என்பதைப் பெயரே சொல்லிவிடுகிறது.

கட்டடத்துறை நண்பர்களுக்கு ஒரு கேள்வி: 'தாங்குசுவர்' உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. 'தாங்குதரை' என்றதும் கான்கிரீட் தளம் நினைவுக்கு வருமா? வராது என்றால் வரைவில் ஏற்றிவிடுகிறேன்.