குறுவட்டக் குழு ஆட்டங்களைப் பள்ளி அளவு பார்த்துப் பிரிக்கணுமா?

பள்ளத்தூர் விசில்:
பள்ளி விளையாட்டுப் போட்டியின் முதல் கட்டமே குறுவட்டம். காரைக்குடி, தேவகோட்டைப் பக்கக் குறுவட்டங்களில் 120 பிள்ளைகள் படிக்கும் கிராமத்து உயர்நிலைப் பள்ளியும் 2000 பேர் படிக்கும் டவுன் பள்ளியும் ஒரே டிராவில்தான், அதாவது யாரோடு யார் மோதுவது என்ற ஒரே பட்டியலில்தான், வருகின்றன. கணக்கைப் பாருங்கள். 120-ல் பையன்கள் 60 என்று வைத்தால், 14 வயதுப் பிரிவுக்கு உரிய 6, 7, 8 வகுப்புகளில் 36 பேர். கபடிக்கு ஆடுபவர் 7, மாற்று 5, ஆக 12 பேர் வேண்டும். வாலிபாலுக்கும் 12. கோ-கோவுக்குக் களத்தில் மட்டுமே 9. ஓடத் தெரிந்த அதே பத்துப் பையன்கள்தான் மூன்றுக்கும் போகிறார்கள். காலையில் கோ-கோவில் விரட்டி ஓடியவன் மதியம் ரைடு போனால் கால் இழுத்துக்கொள்ளத்தான் செய்யும். பெரிய பள்ளிக்கோ ஆட்டத்துக்கு ஒரு அணி தனித்தனியாக இருக்கிறது. குழு ஆட்டத்தையாவது இரண்டாகப் பிரிக்க வேண்டும்.

தேவகோட்டை ரைடர்:
தலை எண்ணிக்கை பாயிண்ட் எடுக்காது சார். உடற்கல்வி ஆசிரியர் இருக்கிறாரா, மைதானம் இருக்கிறதா, சாயங்காலம் ஊர்க் கபடிக் குழுவோடு பையன் இறங்குகிறானா என்பதுதான் அணியை உருவாக்குகிறது. அமெரிக்காவின் இண்டியானாவில் 1954-ல் 161 பேர் படித்த மிலன் பள்ளி, அதைப்போல் பல மடங்கு பெரிய மன்சி சென்ட்ரலை 32-30 என்று பாஸ்கெட்பால் மாநில இறுதியில் ஜெயித்தது. கென்டக்கியில் பாஸ்கெட்பாலுக்கு இன்றும் ஒரே பிரிவுதான். அப்படி ஒரு வெற்றிக்கான வாசலை நாமே அடைக்கக் கூடாது.

பள்ளத்தூர் விசில்:
அந்த மிலனுக்குப் பிறகு அவ்வளவு சின்னப் பள்ளி எதுவும் அங்கே ஒரே டிராவில் ஜெயிக்கவில்லை. 1997-98-லிருந்து இண்டியானாவே பிரித்துவிட்டது. டெக்சாஸில் 1ஏ முதல் 6ஏ வரை பிரிவுகள், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை திரும்ப எண்ணுகிறார்கள். ஆள் குறைந்த பள்ளிகளுக்கு ஆறு பேர் ஆடும் அமெரிக்கக் கால்பந்தே தனியாக இருக்கிறது.

கானாடுகாத்தான் கோ-கோ:
பிரிப்பதானால் எதை எண்ணுவது என்பதில்தான் தப்பு நடக்கும். பள்ளியின் மொத்த எண்ணிக்கையை எடுக்கவே கூடாது. 800 பேர் படிக்கும் பெண்கள் பள்ளியில் 800-ம் பெண்கள். அதே 800 உள்ள இருபாலர் பள்ளியில் சுமார் 400 தான். பள்ளிக் கல்வித் துறையின் எமிஸ் இணையப் பதிவில் ஒவ்வொரு பிள்ளைக்கும் பிறந்த தேதியும் பாலினமும் இருக்கிறது. ஒரு குறிப்பிட்ட நாளில், அந்தந்த வயதுப் பிரிவுக்கு உரிய பையன்கள், பெண்கள் எத்தனை பேர் என்று தனித்தனியாக எடுங்கள்.

விளையாட்டு விடுதிப் பிள்ளைகள் படிக்கும் பள்ளி சின்னதாக இருந்தாலும் மேல் பிரிவில்தான் வைக்க வேண்டும். இல்லினாயில் எல்லை வகுக்காமல் பிள்ளைகளைச் சேர்க்கும் பள்ளியின் எண்ணிக்கையை 1.65-ஆல் பெருக்கிப் பிரிவு போடுகிறார்கள். நூறு மீட்டர், நீளம் தாண்டுதலைத் தொடவே வேண்டாம், அங்கே ஓடுவது ஒரு ஆள்.

தேவகோட்டை ரைடர்:
இந்த எண்ணும் முறை நியாயம். ஆனால் தேசியப் பள்ளிப் போட்டிக்கு ஒரு வயதுப் பிரிவுக்குத் தமிழ்நாட்டிலிருந்து ஒரே அணிதான் போகும். இரண்டு சாம்பியனை வைத்துக்கொண்டு மாவட்டத்தில் என்ன செய்வது? வேலைக்கான 3 சதவீத விளையாட்டு ஒதுக்கீட்டை நினைத்துத்தான் பிள்ளைகள் சான்றிதழைப் பத்திரப்படுத்துகிறார்கள். "சிறிய பிரிவு" என்று அச்சடித்துக் கொடுத்தால் அதற்கு என்ன மதிப்பு? மைதானமும் நாளும் வேறு கூடுதலாக வேண்டும்.

கானாடுகாத்தான் கோ-கோ:
நாள் கூடாது அண்ணே. 32 அணி நாக் அவுட் என்றால் 31 ஆட்டம். 20 பெரியது, 12 சின்னது என்று பிரித்தால் 19, 11, கடைசியில் இரண்டு பிரிவு வெற்றியாளருக்கும் ஒரு பொது இறுதி, அதே 31 தான்.

இன்னும் நல்லது, சின்னப் பிரிவுக்கு மட்டும் லீக் வைப்பது. மூன்று அணி வீதம் நான்கு குழு, 12 ஆட்டம். அரையிறுதி இரண்டு, இறுதி ஒன்று, ஆக 15. பெரியது 19, பொது இறுதி 1. மொத்தம் 35. கபடி ஒன்றுக்கு இடைவெளியோடு 50 நிமிடம் என்றால் ஒரு களத்தில் நாளுக்கு 9 ஆட்டம், இரண்டு களத்தில் இரண்டு நாளில் 36. முதல் ஆட்டத்திலேயே லோனா மேல் லோனா வாங்கி (அணி முழுக்க அவுட்டாகி எதிரணிக்குக் கூடுதல் புள்ளி கொடுத்து) பத்து மணிக்கு பஸ் ஏறும் அணிக்கு, குறைந்தது இரண்டு ஆட்டமாவது கிடைக்கும். கூடுதல் நடுவர்களுக்கு அழகப்பா உடற்கல்வியியல் கல்லூரி மாணவர்களைக் கேட்கலாம்.

தேவகோட்டை ரைடர்:
36-க்கு 35 என்றால் மூச்சுவிட இடமில்லை. மண் களத்தில் ஒரு மழை விழுந்து சுண்ணாம்புக் கோடு கரைந்தால் இரண்டாம் நாள் போச்சு. மூன்றாம் நாளைக் கைவசம் வைத்துத்தான் தேதி வாங்க வேண்டும். பொது இறுதியில் சின்னப் பள்ளி 45-12 என்று தோற்றால் அந்தப் பிள்ளைகளுக்கு என்ன மிஞ்சும்?

பள்ளத்தூர் விசில்:
இன்று அதே தோல்வி முதல் சுற்றிலேயே வருகிறது. நாங்கள் சொல்கிறபடி வந்தால் மூன்று, நான்கு ஆட்டம் ஆடிவிட்டு, சின்னப் பிரிவுக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு வரும். சான்றிதழ் பயம் உங்களுக்கு 17, 19 வயதில்தானே? அவற்றை இப்படியே விடுங்கள். 14 வயதுக் கபடியில் மட்டும், ஆண்கள் பெண்கள் இருவருக்கும், ஒரு வருடம் செய்து பார்ப்போம். மாவட்டத்துக்குப் பொது இறுதியில் ஜெயித்தவர் மட்டும் போகட்டும்.

தேவகோட்டை ரைடர்:
14-க்கு மட்டும் என்றால் சரி. ஆனால் எந்தப் பள்ளி எந்தப் பிரிவு என்ற பட்டியல், எண்ணிக்கையோடு, டிரா போடுவதற்குப் பத்து நாள் முன்பே எல்லாப் பள்ளிக்கும் வந்துவிட வேண்டும். டிரா போட்ட பிறகு ஒரு பள்ளியைக் கீழே இறக்கினால் நான் முதல் ஆளாக ஆட்சேபம் எழுதிக் கொடுப்பேன்.