முத்தையா தாத்தா குடும்பம்: கிடா விருந்து இலைக் கணக்கு

இளங்கோ: அனைவருக்கும் வணக்கம். ஞாயிறன்று குலதெய்வம் கோயிலில் நிலவனுக்குக் காதுகுத்து. தாய்மாமன் முறைக்கு இரண்டு கிடாக்கள் பேசி முடித்துவிட்டேன். சமையல் மாஸ்டர் இன்றிரவுக்குள் இலைக் கணக்கைக் கேட்கிறார். சைவ இலை எத்தனை என்பதையும் தனியாகச் சொல்லுங்கள்.

செல்வி: கிடா விருந்தில் சைவ இலை எதற்கு? கயல் ஏதோ மடத்தில் சேர்ந்துவிட்டதாக ஊரில் பேசிக்கொள்கிறார்கள். சங்கர், அது உண்மையா?

சங்கர்: மடமெல்லாம் இல்லை, அக்கா. ஓர் ஆங்கிலக் கார்ட்டூனைப் பார்த்துவிட்டு இரண்டு மாதமாகக் கறி வேண்டாம் என்கிறாள்.

நாகராஜன்: கார்ட்டூன் என்று எழுதாதே, தம்பி; அசைவூட்டத் தொடர் என்று எழுது. இந்தக் குழுவில் நல்ல தமிழ்தான் எழுதுவது என்று போன ஆண்டே பேசி முடித்தோம்.

கயல்விழி: அத்தை, நான் எந்த மடத்திலும் சேரவில்லை. நான் பார்த்தது ‘த சிம்ப்சன்ஸ்’ தொடரின் ஏழாம் பருவத்தில், 1995 அக்டோபர் 15 அன்று அமெரிக்காவின் ஃபாக்ஸ் தொலைக்காட்சியில் ஒளிபரப்பான ‘லிசா த வெஜிடேரியன்’ என்னும் பகுதி. எட்டு வயது லிசா வெளியே போன இடத்தில் ஓர் ஆட்டுக்குட்டியைக் கொஞ்சிவிட்டு வருகிறாள். அன்றிரவு அம்மா தட்டில் வைத்த ஆட்டுக்கறியில் கை வைக்கப் போனால், அந்தக் குட்டியே எதிரில் நின்று அவளிடம் முறையிடுவதுபோல் தோன்றுகிறது. அதோடு கறியை விட்டுவிடுகிறாள்.

செல்வி: அதற்காக மாமன் பிடித்த கிடாவை வேண்டாம் என்பாயா?

கயல்விழி: கிடா வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, அத்தை. எனக்கு வேண்டாம் என்றுதான் சொன்னேன்.

இளங்கோ: கோயிலுக்கு வந்து கயிற்றை அவிழ்த்துவிடாமல் இருந்தால் சரி. லிசா அப்படித்தானே ஏதோ செய்தாள்?

கயல்விழி: அது உயிரோடு இருந்த பன்றி அன்று, அத்தான். அவள் அப்பா ஹோமர் ஊரையே கூட்டி விருந்து வைத்து, ஒரு பன்றியை முழுதாகச் சுட்டுக்கொண்டிருந்தார். லிசா புல்வெட்டும் வண்டியில் ஏறி வந்து அதைத் தள்ளிக்கொண்டு போய் மேட்டிலிருந்து உருட்டிவிடுகிறாள். அது புதருக்குள் புகுந்து, ஆற்றில் விழுந்து, அணையில் போய் அடைத்துக்கொண்டு, கடைசியில் தண்ணீரின் வேகத்தில் வானத்தில் பறக்கிறது. ஹோமர் பின்னாலேயே ஓடி, கொஞ்சம் அழுக்குத்தான், இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார். எனக்கு ஹோமரைப் பார்த்துத்தான் பாவமாக இருந்தது.

நாகராஜன்: அவருக்காவது பன்றி முழுதாகப் பறந்து போயிற்று. தேன்மொழியின் காதுகுத்தில் என் இலைக்கு வெறும் எலும்புதான் விழுந்தது. அதை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

தேன்மொழி: பொங்கலுக்குப் பொங்கல் சொல்கிறீர்கள், பெரிய மாமா.

செல்வி: அன்றைக்குப் பந்தியில் கறி வாளியைத் தூக்கியது யார் என்பதையும் சொல்லுங்கள், அண்ணா.

இளங்கோ: இந்த மெசேஜ் நீக்கப்பட்டது.

செல்வி: என்ன எழுதி நீக்கினாய்?

இளங்கோ: இலைக் கணக்கைத் தவறாகப் போட்டுவிட்டேன், அம்மா.

தேன்மொழி: கயல், அதில் யாரோ பெரிய பாடகர் பேசியிருக்கிறாராமே?

கயல்விழி: பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னியும் அவர் மனைவி லிண்டாவும் தங்கள் வேடத்தில் தாங்களே குரல் கொடுத்திருக்கிறார்கள், மதினி. இருவருமே சைவம். இந்த மாதிரித் தொடர்களில் இந்த வாரம் நடந்தது அடுத்த வாரம் இருக்காது. எல்லாம் பழையபடி ஆகிவிடும். அதனால் லிசா கடைசிவரை சைவமாகவே இருக்க வேண்டும் என்று பால் நிபந்தனை போட்டார். தயாரிப்பாளர் டேவிட் மிர்கினும் சைவம்தான். அவரே இங்கிலாந்துக்குப் போய்க் குரலைப் பதிவு செய்து வந்தார். லிண்டா 1998-இல் இறந்துவிட்டார். லிசா இன்றுவரை கறி தொடுவதில்லை, வயதும் எட்டுதான்.

செல்வி: சத்து இல்லாமல்தான் வளரவில்லை.

சங்கர்: இதைத்தான் நானும் வீட்டில் சொல்கிறேன், அக்கா.

கயல்விழி: கதையை முழுதாகக் கேளுங்கள், அப்பா. பாலும் லிண்டாவும் வருவதே அந்தத் தொடரில் இந்தியாவிலிருந்து வந்த கடைக்காரரான அப்பு தன் கடையின் மாடியில் வைத்திருக்கும் தோட்டத்தில்தான். லிசா மனம் வெறுத்துப் போய் அவர் கடையில் ஒரு ஹாட் டாக்கை வாங்கிக் கடித்துவிடுகிறாள். பார்த்தால் அது சோயாவில் செய்தது. அப்பு பாலாடைக்கட்டிகூடத் தொடாதவர். ஆனால் தன் கொள்கையை யார்மேலும் திணிப்பதில்லை. அதைக் கேட்ட பிறகுதான் லிசா அப்பாவிடம் போய் மன்னிப்புக் கேட்கிறாள். நானும் அத்தானின் கிடாவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன்; எனக்கு ஓர் இலை மட்டும் தனியாகப் போட்டால் போதும்.

நாகராஜன்: அந்த அப்புவுக்கு ஓர் அமெரிக்கர்தான் குரல் கொடுத்தார் என்று படித்தேன்.

கயல்விழி: ஹாங்க் அசாரியா, பெரியப்பா. 2020-இல் அந்த வேடத்தை விட்டுவிட்டார்.

பார்வதி: இளங்கோ, எனக்கும் ஒரு சைவ இலை போடச் சொல். நான் கறி தொட்டு ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன.

நாகராஜன்: என்ன? போன ஞாயிறுகூடக் கறிக்குழம்பு வைத்தாயே?

பார்வதி: வைத்தேன். உப்புச் சரியா என்று உங்களைத்தானே பார்க்கச் சொன்னேன்? ஒன்பது ஆண்டுகளாக நீங்கள்தான் பார்க்கிறீர்கள்.

தேன்மொழி: நம் வீட்டு அப்பு நீங்கள்தானா, அத்தை?

கயல்விழி: பெரியம்மா! அந்தப் பகுதியில் பால், தம் பழைய பாட்டு ஒன்றைப் பின்னோக்கிச் சுழற்றினால் பருப்பு சூப்பின் செய்முறை கேட்கும் என்று சொல்வார். முடிவில் பெயர்கள் ஓடும்போது அதைத் தம் குரலிலேயே படித்து ஒளித்தும் வைத்திருக்கிறார். ஞாயிறன்று நாம் இருவரும் அதைச் செய்யலாமா?

செல்வி: பருப்பைக் கரைத்து உப்புப் போட்டால் ரசம். அதைப் பாட்டில் ஒளித்து வைப்பார்களா?

இளங்கோ: மாஸ்டர் மறுபடி அழைக்கிறார். சைவ இலை இரண்டா? தேன்மொழியின் மாமியாரையும் சேர்த்தால் மூன்றா? ரசமா, சூப்பா?

சங்கர்: கயலின் இலையை இப்போதைக்கு இரண்டிலும் எழுதி வை. ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்வோம்.

கயல்விழி: அப்பா!

நாகராஜன்: பார்வதி, நீ எங்கே இருக்கிறாய்?

பார்வதி: அடுப்படியில்தான் இருக்கிறேன். வந்து உப்புப் பாருங்கள்.