ரைசோபியம் பொட்டலத்தில் வேற்று நுண்ணுயிர்கள்: பொருட்படுத்த வேண்டுமா?

மானாவாரி உளுந்து (கேட்பவர்): விதைநேர்த்திக்கு வாங்கிய 200 கிராம் ரைசோபியம் (பயறுச் செடியின் வேரில் முடிச்சிட்டுத் தழைச்சத்துத் தரும் பாக்டீரியா) பொட்டலத்தைப் பிரித்தபோது, காலாவதி நாளுக்கு முன்பே பச்சைப் பூசணம் படர்ந்து புளித்த வாடை வீசியது. இதைக் கஞ்சியில் கலந்து விதையில் பூசலாமா?

தட்டு ஆய்வர்: கூடாது, ஐயா. நம் உரக் கட்டுப்பாட்டு ஆணை, தூள் ரைசோபியத்தில் கிராமுக்குக் குறைந்தது 5 கோடி உயிரணுக்கள் இருக்க வேண்டும் என்பதோடு, லட்சம் மடங்கு நீர்த்த கரைசலில் வேற்றுயிர் தென்படக் கூடாது என்றும் சொல்கிறது. உளுந்துக்குரிய ரைசோபிய வகையான பிராடிரைசோபியம் மெதுவாக வளர்வது. ஆய்வகத் தட்டில் அது கண்ணுக்குத் தெரிய ஐந்தாறு நாளாகும், அதற்குள் வேற்றுப் பாக்டீரியாக்கள் தட்டையே மூடிவிடும். பொட்டலத்துக்குள்ளும் இதே போட்டிதான்.

சிறு தயாரிப்பாளர்: ஒரு கிராம் வயல் மண்ணிலேயே கோடிக்கணக்கில் நுண்ணுயிர்கள் இருக்கும்போது, அதில் விழப்போகும் விதைக்கு இவ்வளவு ஆசாரம் எதற்கு? ரைசோபியத்தைத் தாங்கும் தூளான ஊடகத்தைக் காமா கதிரால் தூய்மைப்படுத்தும் செலவு எங்களைப் போன்றோருக்குக் கட்டாது. ரைசோபியத்தைக் கொல்வது, தகரக் கூரைக் கடையின் சித்திரை வெயில்தான்.

தட்டு ஆய்வர்: வெயிலைப் பற்றித் தாங்கள் சொல்வது சரியே. ஆனால் தூய்மைப்படுத்திய ஊடகத்தில் செலுத்திய ரைசோபியம் பொட்டலத்துக்குள்ளேயே பெருகும்; ஆஸ்திரேலியாவில் காமா கதிர் பாய்ச்சிய கரிமண்ணில் (பீட்) தயாரிப்பின்போது கிராமுக்கு 100 கோடி எதிர்பார்க்க முடிவது அதனால்தான். தூய்மைப்படுத்தாத பழுப்பு நிலக்கரித் தூளில் அந்தப் பெருக்கம் நடப்பது கடினம். மேலும், கலப்பு மிகுந்தால் எண்ணிக்கையையே நம்ப முடியாது: காங்கோ சிவப்பு என்ற சாயம் கலந்த ஆய்வகத் தட்டில் ரைசோபியம் பெரும்பாலும் வெள்ளையாகவும் பிற பாக்டீரியாக்கள் சிவப்பாகவும் தெரியும் என்றாலும், வேறு சில பாக்டீரியாக்களும் வெண்மையாக நின்று ஏமாற்றலாம். செடியில் வேர்முடிச்சு வருகிறதா என்று பார்ப்பதே உறுதியான சோதனை.

சிறு தயாரிப்பாளர்: செடிச் சோதனைக்கு வாரக்கணக்கில் ஆகும், அதுவரை விதைப்புப் பருவம் காத்திருக்குமா? அந்தப் பணத்தைக் குளிர்பதனக் கிடங்குக்குச் செலவிட்டால் உழவருக்கு உயிருள்ள ரைசோபியமாவது கிடைக்கும்.

தட்டு ஆய்வர்: கிடங்கு, கலந்த பொட்டலத்தைக் கலந்தபடியே காக்கும், அவ்வளவுதான். கேட்டவருக்கு ஒன்று: தொகுதி எண்ணுடன் உர ஆய்வாளரிடம் எழுத்தில் புகார் கொடுங்கள். பிரித்த பொட்டலம் சான்றாகாது. அதே தொகுதியின் பிரிக்காத பொட்டலத்தை அவர் மாதிரியாக எடுக்க வேண்டும்.

சிறு தயாரிப்பாளர்: அந்த மாதிரி கடையில் எத்தனை நாள் வெயிலில் கிடந்தது என்பதையும் அவர் குறித்துக்கொள்ளட்டும். இல்லையென்றால் கடைக்காரர் செய்த குற்றமும் தயாரித்தவன் தலையில்தான் விழும்.