அம்மாவை கேட்டமரான் படகில் தீவுக்கு அழைத்துப் போய் லகூனில் நீந்த வைக்கலாமா?

பொங்கோல் கயல்

எல்லோருக்கும் வணக்கம். ஜூன் பள்ளி விடுமுறைக்கு அம்மா திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கு வருகிறார். வயது 66. திருவானைக்காவில் வளர்ந்தவர், சின்ன வயதில் காவிரியில் அக்கரைக்கு நீந்திப் போய்த் திரும்பி வருவாராம், கல்யாணத்துக்குப் பிறகு குளியலறை வாளியைத் தவிர வேறு தண்ணீரே கிடையாது. போன தடவை வந்தபோது ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் புடவையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் நின்றார். வீட்டுக்கு வந்தும் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். இந்த முறை அவரை எப்படியாவது நீந்த வைக்க வேண்டும் என்று எனக்கு ஒரே ஆசை.

அடுக்குமாடி நீச்சல் குளத்துக்கு வர மாட்டேன் என்கிறார், எல்லோரும் பார்ப்பார்களாம். அதனால் தெற்குத் தீவுகளுக்குக் கேட்டமரான் (இரட்டை ஓடப்) படகில் பகல் பயணம் போகலாம் என்று யோசிக்கிறோம். விளம்பரங்களில் எல்லாம் "தீவு லகூனில் நீச்சல்" என்று போட்டிருக்கிறார்கள். அம்மாவிடம் போனில் சொன்னதும் "கட்டுமரத்திலயா? நனைஞ்சுக்கிட்டேவா போகணும்?" என்று பயந்துவிட்டார்.

நாங்கள் ஐந்து பேர்: நான், கணவர் (ஃபெரி ஏறினாலே குமட்டும்), அம்மா, 8 வயது மகன், நாத்தனார். எந்தத் தீவு நல்லது? படகிலிருந்து நேராக லகூனுக்குள் இறங்க முடியுமா? முட்டி வலி உள்ளவர் ஏறி இறங்க முடியுமா? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

செல்வி, தியோங் பாரு

கயல், கட்டாயம் அழைத்துப் போங்கள். ஆனால் நாங்கள் செய்த தப்பைச் செய்யாதீர்கள்.

போன வருஷம் நாங்கள் ஒரு படகை வாடகைக்கு எடுத்தோம். சாப்பாடு, பாட்டு, துண்டு, துடுப்புப் பலகை என்று எல்லாவற்றையும் விசாரித்தோம், கடல் எத்தனை மணிக்கு ஏறும், எத்தனை மணிக்கு வற்றும் என்பதை மட்டும் யாரும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. நாங்கள் போய் இறங்கியபோது நல்ல வற்றம். லகூன் என்று படத்தில் பார்த்த நீலத் தண்ணீர் முழங்கால் அளவுக்குக் கீழே போய், நடுவில் சேறும் கடற்புல்லும் கல்லும் தெரிந்தன. பெண் ஆழத்தைத் தேடித் தடுப்புச் சுவர் பக்கம் போய்க் காலை ஊன்றினாள். கல்லில் ஒட்டியிருந்த கொட்டலசு (கூரான ஓடுள்ள சின்னக் கடலுயிரி) உள்ளங்காலை மூன்று கோடாகக் கிழித்துவிட்டது. வெள்ளைத் துண்டு முழுக்க ரத்தம். நான்கு மணி நேரப் பயணத்தில் மூன்று மணி நேரம் படகிலேயே உட்கார்ந்திருந்தோம். முடியும் நேரத்தில்தான் தண்ணீர் மெல்ல ஏற ஆரம்பித்தது, அதற்குள் கிளம்பச் சொல்லிவிட்டார்கள். இன்று நினைத்தாலும் எனக்கு ஆத்திரம் வருகிறது.

உங்கள் இன்னொரு கேள்விக்கு: இல்லை, படகிலிருந்து நேராக லகூனுக்குள் இறங்க முடியாது. குசுத் தீவிலும் செயின்ட் ஜான்ஸ் தீவிலும் லகூன் என்பது கல்சுவர் கட்டி அலையைத் தடுத்த இடம், படகு உள்ளே வராது. வெளியே நங்கூரம் போட்டுவிட்டு ரப்பர் படகில் கரைக்குக் கொண்டுபோய் விடுவார்கள், அல்லது படகுத் துறையில் இறக்கிவிடுவார்கள், பிறகு நடந்துதான் போக வேண்டும். படகின் பின்னால் ஏணி வழியாக இறங்கி நீந்துவது திறந்த கடலில். அது லாசரஸ் தீவின் வளைகுடாவில் நன்றாக இருக்கும், ஆனால் காலடியில் தரை இருக்காது. அம்மாவுக்கு எது பிடிக்கும் என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

தண்ணீரில் போடும் ரப்பர் செருப்பு எல்லோருக்கும் வாங்கிவிடுங்கள். இது மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன்.

நாகைக்காரன்

செல்வி சொன்னதுதான் முக்கியமான விஷயம், அதையே கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். நான் நாகப்பட்டினம் பக்கம், அப்பா கடலுக்குப் போனவர், நான் இங்கே ஜூரோங்கில் கப்பல் பட்டறையில் 19 வருஷமாக வேலை செய்கிறேன்.

நம் ஊர்க் கரையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது, ஒரு மீட்டரைத் தாண்டுவதே அபூர்வம். சிங்கப்பூரில் அப்படி இல்லை. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஒரே நாளில் தண்ணீர் 3 மீட்டர் வரை ஏறி இறங்கும். ஒரு ஆள் உயரத்துக்கும் மேல். அவ்வளவு தண்ணீரும் ஆறு மணி நேரத்தில் தீவுகளுக்கு இடையே புகுந்து வெளியேறுவதால் நீரோட்டம் இழுக்கும். சிஸ்டர்ஸ் தீவுகள் இரண்டுக்கும் நடுவில் உள்ள வாய்க்காலில் ஓடும் வேகத்தைப் பார்த்தால் நீந்தத் தெரிந்தவனுக்கும் இறங்கத் தோன்றாது.

அம்மா வரும்போது தினசரி நாள்காட்டியைக் கொண்டுவரச் சொல்லுங்கள். அஷ்டமியை அடுத்து வரும் நவமி, தசமி நாட்களைப் பாருங்கள். அப்போதுதான் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உயர வித்தியாசம் மிகக் குறைவாக இருக்கும், லகூன் தண்ணீரும் ஒரேயடியாக வடியாது, ஓட்டமும் அடங்கியிருக்கும். நவமியை நல்ல காரியத்துக்கு ஆகாது என்று நாம் ஒதுக்குவோம், நீந்துவதற்கு அது நல்ல நாள்தான். அந்த நாட்களில் எந்த மணிக்கு ஏற்றம் என்பதை ஓத (ஏற்ற, வற்ற) அட்டவணையில் பார்த்துக்கொள்ளுங்கள், இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. ஒவ்வொரு நாளும் சுமார் 50 நிமிடம் தள்ளிப் போகும். ஏற்றத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்னால் லகூனில் இறங்குகிற மாதிரி படகு நேரத்தை வாங்குங்கள். "காலை 9 முதல் 1" என்று படகுக்காரர் சொல்வது அவர் வசதிக்கு.

படகைப் பற்றி அம்மாவுக்கு எப்படிச் சொல்வது என்றால், பெயர் மட்டும்தான் நம் கட்டுமரத்திலிருந்து போனது. கட்டுமரம் மரத்தைச் சேர்த்துக் கட்டியது, தண்ணீர் இடுக்கு வழியே ஏறி இறங்கும், நனையத்தான் செய்யும். இது இரண்டு ஒல்லியான ஓடங்களை இணைத்து மேலே வீடு வைத்த மாதிரி. அகலமாக உட்கார்ந்திருப்பதால் ஒரு பக்கமாகச் சாயாது. முன்னால் இரண்டு ஓடங்களுக்கும் நடுவே கட்டியிருக்கும் வலையில் படுத்தால் கீழே கடல் ஓடுவது தெரியும், பையனுக்கு அது பிடிக்கும், ஆனால் படகு ஓடும்போது பெரியவர் ஒருவர் கூட இருக்க வேண்டும்.

குமட்டலுக்கு: மாத்திரையைக் கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் போட வேண்டும், குமட்ட ஆரம்பித்த பிறகு போட்டுப் பிரயோஜனம் இல்லை. உங்கள் கணவர் பின்பக்கம், காற்று படும் இடத்தில் உட்கார்ந்து தூரத்தில் வானமும் கடலும் சேரும் கோட்டைப் பார்க்கட்டும். கீழ் அறைக்குப் போகவே கூடாது, போனைப் பார்க்கவும் கூடாது. இட்லி மாதிரி லேசாகச் சாப்பிட்டு வரச் சொல்லுங்கள், வெறும் வயிறு இன்னும் மோசம்.

அப்புறம் ஜூன் மாதம் சுமத்ரா காற்று வரும் காலம். மேற்கிலிருந்து விடியற்காலையிலோ காலையிலோ திடீரென்று கருத்து, பலத்த காற்றோடு மழை கொட்டிவிட்டு ஒன்றிரண்டு மணி நேரத்தில் ஓய்ந்துவிடும். மைஎன்வி செயலியில் மழை ரேடாரைப் பாருங்கள். இடி கேட்டால் உடனே தண்ணீரை விட்டு வெளியே வந்துவிட வேண்டும், அதில் பேச்சே இல்லை.

பொங்கோல் கயல்

அண்ணா, இவ்வளவு பொறுமையாக எழுதியதற்கு மிக்க நன்றி. அம்மாவிடம் நவமி என்று சொன்னால் ஒப்புக்கொள்வாரா தெரியவில்லை, பேசிப் பார்க்கிறேன். செல்வி அக்கா, செருப்பு வாங்கியாகிவிட்டது. இன்னும் தீவை முடிவு செய்யவில்லை. லாசரஸா, குசுவா, செயின்ட் ஜான்ஸா?

உட்லண்ட்ஸ் பேரன்

செயின்ட் ஜான்ஸ். நான் தயங்காமல் சொல்வேன்.

லாசரஸ் கடற்கரை பிறை மாதிரி வளைந்து அழகாக இருக்கும், வாரக் கடைசியில் படகுகள் வரிசையாக நங்கூரம் போட்டுப் பாட்டும் கூச்சலுமாக இருக்கும். மற்றவர்கள் பார்ப்பார்கள் என்று கூச்சப்படும் அம்மாவுக்கு அது சரிப்படாது. குசுவில் ஒன்பதாம் சீன மாதத்தில், அக்டோபர் வாக்கில், துவா பெக் கோங் கோயிலுக்குக் கூட்டம் அலைமோதும், ஜூனில் அமைதிதான். பெரிய சிஸ்டர்ஸ் தீவு 2024 அக்டோபரில் திரும்பவும் திறந்திருக்கிறது, அது கடல் பூங்கா, பவளம் பார்க்க ஆசைப்படுபவர்களுக்கு. செயின்ட் ஜான்ஸில் பெரிய மரங்கள், நிழல், கழிப்பறை, மெதுவாகச் சரியும் மணல் லகூன், வார நாளில் போனால் பூனைகளைத் தவிர ஆளே இருக்காது. அங்கிருந்து லாசரஸுக்குத் தரைப்பாலம் இருக்கிறது, மற்றவர்கள் நடந்து போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.

எனக்கு அந்தத் தீவு பிடிப்பதற்கு வேறு காரணமும் உண்டு. 19ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியிலிருந்து பல பத்தாண்டுகளுக்கு அது தொற்றுநோய்த் தடுப்பு முகாமாக இருந்தது. நாகப்பட்டினத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் டெக் (கப்பலின் மேல்தளப்) பயணிகளாக வந்த நம்மவர்களைச் சிங்கப்பூர் மண்ணை மிதிக்க விடுமுன் அங்கேதான் இறக்கி வைத்தார்கள். என் தாத்தா ரஜூலா கப்பலில் வந்தவர். துணியை எல்லாம் வாங்கி மருந்துப் புகை போட்டார்கள், அம்மை ஊசி போட்டார்கள், பகலில் கரையில் உட்கார்ந்து எதிரே தெரியும் சிங்கப்பூரைப் பார்த்துக்கொண்டே இருந்தோம் என்று சொல்வார். பக்கத்தில் தெரியும், போக முடியாது. அதே தண்ணீரில்தான் நாம் இப்போது விருப்பப்பட்டு நீந்துகிறோம். நான் என் பிள்ளைகளை அங்கே ஒவ்வொரு வருஷமும் அழைத்துப் போகிறேன்.

படகு வாடகை கையைக் கடித்தால் மரீனா சவுத் பியரிலிருந்து சாதாரண ஃபெரியே செயின்ட் ஜான்ஸுக்குப் போகிறது, நான் கடைசியாகப் போனபோது போக வர ஒரு ஆளுக்கு 15 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). ஆனால் கடைசி ஃபெரியை விட்டால் கஷ்டம், உடை மாற்றவும் முட்டி வலிக்காரர் சாய்ந்து உட்காரவும் படகுதான் வசதி. தீவில் சாப்பாட்டை நம்பிப் போகாதீர்கள். குடிதண்ணீர் முழுவதையும் கையோடு கொண்டுபோங்கள்.

ஒரு சின்ன பாட்டில் வினிகரும் வைத்துக்கொள்ளுங்கள். பெட்டி வடிவ ஜெல்லி மீன் எப்போதாவது இந்தப் பக்கம் வரும். பட்டால் தேய்க்கக் கூடாது, நல்ல தண்ணீர் ஊற்றக் கூடாது, வினிகரை ஊற்றிவிட்டு ஆம்புலன்சைக் கூப்பிட வேண்டும். நான் போன எந்தத் தடவையும் உயிர்காப்பாளரைப் பார்த்ததில்லை, அதனால் ஒரு பெரியவர் நீந்தாமல் கரையில் நின்று பார்த்துக்கொண்டே இருங்கள்.

செல்வி, தியோங் பாரு

கயல், அம்மாவுக்கு உடையைப் பற்றி யோசித்தீர்களா? சுடிதாரோடு இறக்காதீர்கள், துப்பட்டாவும் தொளதொள பேண்ட்டும் தண்ணீர் குடித்துக் காலைச் சுற்றும். முழுக்கை, முழுக்கால் நீச்சல் உடை இங்கே எங்கும் கிடைக்கிறது, நம்மூர் முஸ்லிம் அக்காமார் போடுவது. என் மாமியார் அதைப் போட்டுக்கொண்டு, மேலே ஒரு சட்டையும் மாட்டிக்கொண்டு இறங்கினார், வெயிலுக்கும் நல்லது. மிதவைச் சட்டையை அவர் அளவுக்குப் படகில் வைத்திருக்கிறார்களா என்று முன்பே கேளுங்கள்.

பொங்கோல் கயல்

போய் வந்துவிட்டோம்! சொல்லாமல் இருக்க முடியவில்லை.

வார நாள், தசமி. நவமிக்கு அம்மா சம்மதிக்கவில்லை, தசமி என்றதும் சரி என்றார். ஓத அட்டவணையைப் பார்த்துப் படகு நேரத்தை வாங்கினோம். படகுக்காரரிடம் ஓத நேரத்தைச் சொல்லிக் கேட்டதும் அவரே, அப்படியானால் முதலில் செயின்ட் ஜான்ஸ், திரும்பும்போது லாசரஸ் என்று வரிசையை மாற்றிக்கொடுத்தார். படகில் ஏறப் பின்பக்கம் இரண்டு அகலமான படிதான், அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு ஏறிவிட்டார். கணவர் மாத்திரை போட்டுக்கொண்டு தொடுவானத்தையே பார்த்தபடி வந்தார், ஒன்றும் ஆகவில்லை. திரும்பும்போது ஒரு பெரிய கப்பல் கிளப்பிய அலையில் மட்டும் கொஞ்சம் முகம் வெளுத்தார்.

லகூனில் அம்மா முதலில் இடுப்பளவு தண்ணீரில் பத்து நிமிடம் சும்மா நின்றார். மிதவைச் சட்டையின் வாரை நான் சரி செய்யப் போனேன், "கொஞ்சம் விடுடி" என்று கையைத் தட்டிவிட்டார். பிறகு மெதுவாகப் பின்னால் சாய்ந்தார். கால் இரண்டும் மேலே வந்தன. காது தண்ணீருக்குள் போய்விட்டதால் நாங்கள் கூப்பிடுவது கேட்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, கையை மட்டும் மீன் துடுப்பு மாதிரி லேசாக அசைத்துக்கொண்டு மிதந்தார். எழுந்ததும் முதல் பேச்சு, "உப்புத் தண்ணி தூக்கிக் குடுக்குதே, காவிரில இவ்வளவு சுலபமா மிதக்காது." அதன் பிறகு என் மகனுக்கு மல்லாந்து நீந்தச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்துவிட்டார், தலையைத் தன் உள்ளங்கையில் தாங்கிக்கொண்டு. அவன் நீச்சல் வகுப்பில் மூன்று மாதமாகச் செய்ய மறுத்ததை அங்கே செய்தான்.

பேரன் அண்ணா, உங்கள் தாத்தா கதையை அம்மாவிடம் சொன்னேன். கரையில் தயிர் சாதம் சாப்பிட்டுக்கொண்டே எதிரே தெரிந்த கட்டடங்களை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒன்றை மட்டும் யாரும் சொல்லவில்லை: லாசரஸ் மணலில் உட்கார்ந்ததில் மணல் ஈ கடித்து நாத்தனார் கால் முழுக்கச் சிவந்து அரிக்கிறது, மூன்று நாளாகியும் குறையவில்லை. தேங்காய் எண்ணெய் தடவிப் பார்த்தோம். இதற்கு மருந்தகத்தில் என்ன கேட்டு வாங்குவது? அம்மா அடுத்த தசமி எப்போது என்று நாள்காட்டியைப் புரட்டிக்கொண்டிருக்கிறார், அதற்குள் சொல்லுங்கள்.