உரத்தொட்டிப் புழுவும் ஆனேக்கல் விராலும்

அல்சூர்வாசி:
ஈரக்குப்பையை வீட்டிலேயே மக்க வைக்கிறவன் நான். போன மழைக்காலத்தில் உரத்தொட்டியைத் திறந்த அம்மா போட்ட சத்தம் அல்சூர் ஏரி வரைக்கும் கேட்டிருக்கும். உள்ளே கைப்பிடி கைப்பிடியாகப் புழு. சுண்ணாம்பை எடுத்து வரப் போனார். நல்லவேளை, மாமா வந்திருந்தார். பெங்களூருக்கு வெளியே ஆனேக்கல் பக்கம் தொட்டி கட்டி விரால் மீன் வளர்க்கிறவர். "அக்கா, கொட்டிடாதே! இது பி.எஸ்.எஃப். புழு."

"பார்டர்ல நிக்கிறவங்களா?" என்றேன்.

பிளாக் சோல்ஜர் ஃப்ளை என்கிற ஒரு வகை ஈயின் புழுவாம். வளர்ந்த ஈ நம் சாப்பாட்டில் வந்து உட்காராது, கடிக்காது. எல்லாத் தீனியும் புழுவாக இருக்கும்போதே. கெண்டைக்குக் கடலைப் புண்ணாக்கும் தவிடும் போதும். விரால் கறி தின்னுகிற சாதி, அதற்கு மீன்தூள் வேண்டும். அந்த மீன்தூளோ கடலில் பிடித்த மத்தியைக் காயவைத்து அரைத்தது. மீன் வளர்க்க மீனையே அரைப்பதா என்பது மாமாவின் பழைய புலம்பல். விலை அதைவிடப் பெரிய புலம்பல்.

முதலில் ஆசையில் மீன்தூளுக்குப் பதிலாக இந்தப் புழுவையே அள்ளிப் போட்டார். விரால் துள்ளித் துள்ளித் தின்றது. அறுத்துப் பார்த்தால் குடலைச் சுற்றிக் கொழுப்பு. காய்ந்த புழுவில் புரதம் சுமார் 40 சதவீதம் என்றால் கொழுப்பும் 30 சதவீதம் வரை வருமாம். மீனில் இருக்கும் நல்ல கொழுப்பான ஒமேகா 3 பெரிதாகக் கிடையாது. இப்போது மீன்தூளில் கால்பங்கைக் குறைத்து அந்த இடத்தில் மட்டும் புழு. எங்கள் வீட்டுக் காய்கறித் தோலும் பழத்தோலும் அந்தப் புழுவுக்குத் தீனியாக வாராவாரம் டப்பாவில் ஆனேக்கல் போகிறது. அம்மா மட்டும் அந்த விராலைத் தொடுவதில்லை.

சர்ஜாபூர் திலாப்பியா:
உங்கள் மாமா பிழைத்தார். நான் சோயாவில் மாட்டினேன். பயோஃப்ளாக் தொட்டி (மீன் கழிவை நுண்ணுயிரிகளே தின்று தீர்க்கிற முறை), செலவைக் குறைக்கலாமென்று பச்சைச் சோயாவை மில்லில் அரைத்துத் தீனியில் கலந்தேன். கணக்குப்படி புரதம் சரியாக இருந்தது. மீன்தான் இரண்டு மாதம் வளராமல் அப்படியே நின்றது. பச்சைச் சோயாவில், புரதத்தைச் செரிக்கவைக்கிற டிரிப்சின் நொதியை வேலை செய்யவிடாத பொருள் ஒன்று இருக்கிறது, அதனால் தின்ற புரதம் செரிக்காது. வறுத்தோ வேகவைத்தோதான் போட வேண்டும் என்று ஒரு மீன்வளத்துறைக்காரர் அப்புறம் சொன்னார். அதோடு மெத்தியோனின் என்கிற அமினோ அமிலம் சோயாவில் குறைவு, தனியாகச் சேர்க்க வேண்டும். சோயாவின் பாஸ்பரஸும் பைட்டேட் என்கிற, மீனால் செரிக்க முடியாத சேர்மமாகப் பூட்டிக் கிடக்கும். அதை உடைக்கிற பைட்டேஸ் நொதி போடாவிட்டால் மீனுக்குச் சேராமல் தண்ணீரில்தான் போய்ச் சேரும். மூட்டையில் எழுதியிருக்கும் சதவீதத்தை மட்டும் பார்த்து வாங்குகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

சிவாஜிநகர் மீன்பிரியை:
அல்சூர்வாசி, அம்மாவிடம் ஒன்று கேளுங்கள். ஊரில் ஏரிக்கரையில் மண்புழு மாட்டித் தூண்டில் போட்டுப் பிடித்த விராலை யார் குழம்பு வைத்தார்கள்?

அல்சூர்வாசி:
கேட்டேன். "அது வேற புழு" என்றார்.