பழைய தேக்கில் 1:16 அளவு லாரி: சக்கரங்கள் வெடிப்பது ஏன்?

செதுக்கன் (கேள்வி):
அனைவருக்கும் வணக்கம். பாட்டியின் ஓட்டு வீட்டைப் பிரித்தபோது கிடைத்த தேக்கு நிலையையும் கைமரங்களையும் விற்க மனம் வராமல் வைத்திருந்தேன். என் தந்தையார் பல ஆண்டுகள் ஓட்டிய ஆறு சக்கர லாரியை அவற்றைக் கொண்டே செய்து அவர் கையில் கொடுக்க வேண்டும் என்பது என் ஆசை. சேசிஸும் பக்கப் பலகைகளும் நன்றாக அமைந்துவிட்டன, சக்கரங்கள்தான் கைகூடவில்லை. கைமரத்தைக் குறுக்கே, வாழைக்காய் அரிவதுபோல், 16 மி.மீ. கனத்தில் துண்டு போட்டு 80 மி.மீ. வட்டங்களாகக் கடைந்தேன். ஸ்டெப்னியோடு சேர்த்து ஏழு செய்ததில், பத்து நாளுக்குள் நான்கு விளிம்பிலிருந்து நடு வரை பிளந்துவிட்டன. இத்தனை காலம் கூரையில் உலர்ந்த மரம் இன்னும் ஏன் வெடிக்கிறது? பெயின்ட் அடிக்காமல் டயருக்குக் கறுப்பு ஏற்ற வழி உண்டா?

இழைப்புளி:
மரம் உலர்ந்ததில் குறையில்லை; நீங்கள் அறுத்த திசையில்தான் குறை. மரம் சுருங்கும்போது மையத்திலிருந்து விளிம்பை நோக்கிச் சுருங்குவதைவிட, ஆண்டு வளையத்தின் போக்கில் ஏறத்தாழ இரு மடங்கு சுருங்கும். மையக்குருத்து உள்ளே இருக்கும் வட்டத் துண்டில் அந்த இழுவைக்குப் போக்கிடம் கிடையாது. ஆகவே அது விளிம்பில் வாய் பிளக்கிறது. குறுக்கே அறுத்த மெல்லிய துண்டு, காற்றின் ஈரத்தை வேகமாக வாங்கி வேகமாக விடும் என்பதும் சேர்ந்துகொள்கிறது.

நிலைமரத்திலிருந்து நெடுக்குவாக்கில் 8 மி.மீ. பலகைகள் அறுத்து, ஒன்றின் ரேகை மற்றொன்றுக்குக் குறுக்காக வருமாறு இரண்டிரண்டாக ஒட்டி, அதன் பிறகு வட்டமாகக் கடையுங்கள். தேக்கில் இயல்பாகவே எண்ணெய்ப் பசை உண்டு. ஒட்டும் முகத்தைத் தின்னரால் துடைத்து, அது காய்ந்த உடனே பசை தடவாவிட்டால் பிடிப்பு நிற்காது. அறுப்பதற்கு முன் நிலை முழுவதும் ஒரு காந்தத்தை ஓட்டிப் பாருங்கள். தலை முறிந்து உள்ளே புதைந்த ஓர் ஆணி போதும், வாளின் பற்களை முடித்துவிடும்.

லாரிப்பட்டறை:
தம்பி, சங்ககிரியில் பாடி கட்டும் பட்டறையில் நெடுங்காலம் வேலை செய்தவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன்: 80 மி.மீ. சக்கரம் வேண்டாம். இவ்வகை லாரிக்குப் போடும் 9.00-20 அளவு டயரின் உயரம் ஏறக்குறைய 1,020 மி.மீ.; அதைப் பதினாறால் வகுத்தால் 64 மி.மீ. வரும். உங்கள் அளவில் சக்கரம் வைத்தால் லாரி டிராக்டரைப்போல் தூக்கி நிற்கும், அதை ஓட்டியவர் கண்ணுக்கு அதுதான் முதலில் படும். பின்பக்கம் இரட்டை டயர்களுக்கு நடுவே ஓர் இடைவெளி கட்டாயம் தெரிய வேண்டும்.

அச்சுக்கு மேல் லாரியைத் தாங்கும் வில் பட்டைகளுக்குத் தேக்கை வளைக்க முயலாதீர்கள். முற்றிய மூங்கிலை 1 மி.மீ. பத்தைகளாகச் சீவி, மேலிருந்து கீழாக ஒவ்வொன்றையும் சற்றே குட்டையாக்கி அடுக்கி, தாமிரக் கம்பியால் நடுவில் கட்டுங்கள். வளைவும் நிற்கும், அழுத்தினால் உண்மையிலேயே அமுங்கி எழும். நான் செய்த மாடல்களில் எனக்கு மிகவும் பிடித்த பாகம் இதுவே.

கடுக்காய்:
கறுப்புக்குக் கலம்காரித் துணியில் கையாளும் முறையே மரத்துக்கும் பொருந்தும். கடுக்காய்த் தூளை ஊறவைத்த நீரைச் சக்கரத்தில் இரண்டு முறை தடவி உலரவிடுங்கள். துருப்பிடித்த ஆணிகளை வினிகரில் ஒரு வாரம் ஊறப்போட்டு, வடிகட்டி, அதன் மேல் பூசினால், துவர்ப்பும் இரும்பும் கூடி மரம் கண்ணெதிரே கறுக்கும். ரேகை மறையாது என்பதால் பெயின்டைவிட இது எவ்வளவோ மேல். முதலில் கழிவுத் துண்டில் சோதித்துப் பாருங்கள்.

நிலையில் பழைய பெயின்ட் இருந்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்க்க வேண்டாம். வீட்டு உபயோகப் பெயின்டில் ஈயம் 90 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 90 பங்கு) அளவைத் தாண்டக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நம் நாட்டில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பூச்சின் தூசி, குழந்தைகள் உள்ள வீட்டில் பறக்கவே கூடாது.

செதுக்கன்:
மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நிலையில் காந்தம் ஓட்டியதில் பதினொரு ஆணிகள் அகப்பட்டன. அவற்றைச் சுற்றி மரம் ஏன் கறுத்திருந்தது என்பதும் இப்போது விளங்குகிறது. அந்த ஆணிகளையே வினிகரில் போட்டிருக்கிறேன். 64 மி.மீ. சக்கரம் ஒன்று தயாராகி அச்சில் ஏறிவிட்டது. மற்றவை கறுத்த பிறகு படங்களை இங்கேயே இடுகிறேன்.