பொருத்திய கோட்டின் கூறுகளைத் தனித்தனியே வரைவது எப்படி? அவசரம்

மண்டபம் மாணவி:
பாம்பன் கடல்மட்டத் தரவுக்குக் கோடு பொருத்திவிட்டேன். புள்ளிகள் மேல் அழகாக உட்காருகிறது. அதன் நான்கு ஓதக் கூறுகளையும் (கடல் ஏற்றவற்றத்தை உண்டாக்கும் தனித்தனி அலைகள்) அதே படத்தில் காட்ட வேண்டும். வரைந்தால் எல்லாம் அடியில் போய் ஒட்டிக்கொள்கின்றன, பல் பல்லாகவும் தெரிகின்றன. நாளை காலை வழிகாட்டியிடம் காட்ட வேண்டும்.

உப்பளத்தான்:
எந்த மென்பொருள்? எத்தனை நாள் தரவு? வடகடலா (பாக் விரிகுடா), தென்கடலா (மன்னார் வளைகுடா)?

கீழக்கரைக் கணக்கர்:
நேரத்தில்தான் கோளாறு. தேதியாகப் படிக்கச் சொன்னால் க்னூபிளாட் மென்பொருள் அதை நொடியாக எண்ணும். நீங்கள் மணிக்கணக்கில் கொடுத்திருப்பீர்கள். எனக்கு ஒரு வாரம் இதிலேயே போயிற்று.

மண்டபம் மாணவி:
க்னூபிளாட்தான். நேரம் மணியில், வெறும் எண்ணாகவே இருக்கிறது. தென்கடல்.

பழைய கை:
சமன்பாட்டைக் காட்டாமல் கேள்வி கேட்பது என்ன பழக்கம்? கட்டக்கோணத்தை (அலை தன் சுற்றில் எங்கே தொடங்குகிறது என்பதை) நேராகத் தேடவிடாதீர்கள். கோசைனுக்கு ஒரு கெழு (பெருக்கும் எண்), சைனுக்கு ஒரு கெழு என்று வைத்தால் கணக்கு நேரியலாகிவிடும். இது முதலாண்டுப் பாடம்.

உப்பளத்தான்:
கடிந்துகொள்ளாதீர்கள் ஐயா, பிள்ளை அவசரத்தில் இருக்கிறது. தங்கச்சி, ஒவ்வொரு கூறையும் தனிச் சார்பாக எழுது. சராசரி மட்டத்தோடு நான்கையும் கூட்டினால் மொத்தச் சார்பு. பொருத்தி முடிந்ததும் கெழுக்களின் மதிப்பு நினைவிலேயே நிற்கும். ஒரே பிளாட் கட்டளையில் தரவு, மொத்தம், கூறுகள் என்று காற்புள்ளியிட்டு அடுக்கு. கூறுகள் பூஜ்யத்தைச் சுற்றி ஆடுகின்றன, உன் தரவு சராசரி மட்டத்தைச் சுற்றி ஆடுகிறது. அதனால்தான் அவை அடியில் கிடக்கின்றன. வரையும்போது ஒவ்வொன்றோடும் சராசரியைக் கூட்டிக்கொள். பல் பல்லாகத் தெரிவது சாம்பிள்ஸ் (கோட்டை வரையக் கணக்கிடும் புள்ளிகளின் எண்ணிக்கை) 100 என்றே இருப்பதால். 2000 ஆக்கு. வீச்சு (நடுமட்டத்திலிருந்து உச்சம் வரை உள்ள உயரம்) என்ன வந்தது?

மண்டபம் மாணவி:
படம் வந்துவிட்டது அண்ணா! எம்2 (நிலவின் கூறு) 140 செ.மீ., எஸ்2 (சூரியனின் கூறு) 128.

உப்பளத்தான்:
அந்தப் படத்தைக் காட்டிவிடாதே. நம் கரையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வித்தியாசமே ஒரு மீட்டரைத் தொடாது. எத்தனை நாள் தரவு என்று முதலிலேயே கேட்டேன்.

மண்டபம் மாணவி:
ஐந்து நாள்.

உப்பளத்தான்:
அதுதான். எம்2 12.42 மணிக்கு ஒரு சுற்று, எஸ்2 சரியாக 12 மணிக்கு. இரண்டையும் பிரித்தறிய 14.77 நாள் வேண்டும். ஐந்து நாளில் இரண்டும் பெருத்து, எதிரெதிராக இழுத்து ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். மொத்தக் கோடு மட்டும் ஒழுங்காக இருக்கும்.

தங்கச்சிமடத்தான்:
அப்பா வலைக்குப் போகும்போது சொல்வார்: அமாவாசைத் தண்ணீர் வேறு, அட்டமித் தண்ணீர் வேறு. ஐந்து நாளுக்குள் இரண்டும் எப்படி வரும்? அதோடு, வாடைக்காற்றில் ஏறும் நீரை எந்தக் கூறில் சேர்ப்பீர்கள்?

பழைய கை:
காற்று ஓதமே அல்ல. அது எச்சத்தில் (கோட்டில் அடங்காத மிச்சத்தில்) போகும்.

தங்கச்சிமடத்தான்:
வள்ளம் கட்டுகிறவனுக்கு எச்சமும் தண்ணீர்தான். வாடை நாளில் வடகடல் கரைக்கு வந்து பாருங்கள்.

பழைய கை:
கேள்வி தென்கடலைப் பற்றியது.

மண்டபம் மாணவி:
தோழியிடம் 30 நாள் தரவு இருந்தது. வீச்சுகள் அடங்கிவிட்டன. நன்றி அண்ணா.